வாக்கைத் தேடி ஈப்போவுக்கு ஒரு பயணம்

தோட்டத்துப் பள்ளி ஆசிரியையிடம் மக்கள் கேட்கும் கேள்விகளுக்கு அளவே கிடையாது. பிறப்புப் பத்திரத்தில் பெயர் தவறாக விழுந்துவிட்டால் என்ன செய்வது, ஆஸ்பத்திரியில் கொடுத்த துண்டுக் கடிதத்தில் என்ன எழுதியிருக்கிறது, மோட்டார் சைக்கிள் தவணை கட்டாவிட்டால் வண்டியை இழுத்துக்கொண்டு போய்விடுவார்களா என்று எல்லாம் என்னிடம்தான் வரும். ஐந்து ஆண்டுக்கு ஒரு முறை, அல்லது அதற்கும் முன்னதாக, இன்னொரு கேள்வியும் வரும்.

“டீச்சர், யாருக்குப் போடலாம்?”

2018ஆம் ஆண்டு மே மாதம் எங்கள் எதிர்வீட்டுப் பாட்டி என் வாசற்படியில் உட்கார்ந்து அப்படித்தான் கேட்டார். எழுபதை எட்டிக்கொண்டிருந்த வயது. பால்வெட்டிக் காய்த்த கைகள். எழுதப் படிக்கத் தெரியாது. நானோ மறுநாள் தேர்தல் பணிக்குப் போகிறவள். ஆசிரியர்கள் பலரைப் போல எனக்கும் வாக்குச்சாவடியில் வேலை போட்டிருந்தார்கள். என் ஓட்டைத் தபாலில் முன்பே போட்டாயிற்று. அந்தப் பணிக்குப் போகிறவள் வாயைத் திறந்திருக்கவே கூடாது. ஆனாலும் சுவரில் ஒட்டியிருந்த ஒரு சுவரொட்டியைக் காட்டி, “இவர் நம் பள்ளி விளையாட்டுப் போட்டிக்கு வந்தாரே, கால்வாயைச் சரி பண்ணித் தருகிறேன் என்றாரே” என்று சொல்லிவிட்டேன். அந்த மனிதரைப் பற்றி எனக்கு அதற்கு மேல் ஒன்றும் தெரியாது. இதுதான் உண்மை.

அவர் வென்றார். கால்வாய் அப்படியே கிடந்தது. பிற்பகல் மழை பிடித்தால் பாட்டி வீட்டுச் சமையலறையில் இன்றும் கணுக்கால் அளவுக்குத் தண்ணீர் நிற்கிறது. பாட்டி ஒரு நாளும் என்னைக் குறை சொன்னதில்லை. அதுதான் எனக்கு உறுத்தல்.

எங்கள் ஊர் செம்மோருக்கு அப்பால் இருக்கிறது. பால்மரக் காடாக இருந்த தோட்டம் பாதி செம்பனையாகவும் பாதி வீட்டு மனையாகவும் மாறிப் போயிற்று. லயத்து மக்களுக்கு ஓரமாக வரிசை வீடுகள் கட்டிக் கொடுத்தார்கள். பெரட்டுக் களம் இருந்த இடத்தில் இப்போது கார் கழுவும் கடை. சென்ற பள்ளி விடுமுறையில் பாட்டி வீட்டு வரி கட்ட ஈப்போவுக்குப் போகவேண்டும், துணைக்கு வருகிறாயா என்று கேட்டார். அந்த வரியை வீட்டிலிருந்தபடியே கைத்தொலைபேசியில் கட்டிவிடலாம். ஆனால் கட்டின காசுக்குக் கையில் சீட்டு வாங்கினால்தான் பாட்டிக்குத் தூக்கம் வரும். நானும் இதைச் சாக்காக வைத்து, அந்தக் கால்வாய் யார் பொறுப்பில் இருக்கிறது என்று ஒரு முறை தீர விசாரித்துவிடலாம் என்று கிளம்பினேன்.

முக்கால் மணி நேரப் பேருந்துப் பயணம். வலப்பக்கமும் இடப்பக்கமும் சுண்ணாம்புக் குன்றுகள் எழுந்து நிற்க, நடுவே வீடமைப்புத் தாமான்கள். “இங்கெல்லாம் கித்தாக் காடு” என்று பாட்டி கையை நீட்டிக்கொண்டே வந்தார். மேடான் கிட் நிலையத்தில் இறங்கி ரயில் நிலையத்துக்கு நடந்தோம். 1917இல் கட்டி முடித்த அந்த வெள்ளைக் கட்டடத்தை ‘ஈப்போவின் தாஜ்மகால்’ என்பார்கள். வரைந்தவர் ஹபேக் என்ற ஆங்கிலேயர். முன்னால் உள்ள பூங்காவில் ஒரு ஈப்போ மரம் நிற்கிறது. ஊருக்குப் பெயர் கொடுத்த மரம்; பூர்வகுடி மக்கள் அதன் பாலை அம்பு நுனியில் தடவி வேட்டையாடினார்கள். “பாலு வெட்டுற மரம்தான், ஆனா நஞ்சுப் பாலு” என்றேன். பாட்டி இரண்டடி தள்ளி நின்றுகொண்டார்.

எதிரே பழைய நகர மண்டபம். அதைப் பார்த்ததும் பாட்டிக்கு அப்பாவின் நினைவு வந்தது.

“எங்கப்பா லோரியில ஏறி இங்க வருவாரு, சீனிவாசகம் வக்கீலு பேச்சக் கேக்க. காசில்லாதவனுக்கும் கோர்ட்டுல நிப்பாருன்னு சொல்லுவாரு. ஆனா இந்த ஊரு எலெக்சன்ல எங்கப்பாவுக்கு ஓட்டு இல்ல.”

பாட்டி சொன்ன அந்தக் கடைசி வாக்கியத்தில் ஒரு பெரிய சரித்திரமே அடங்கியிருக்கிறது.

இந்த நாட்டில் முதல் தேர்தல் நாடாளுமன்றத்துக்கு நடக்கவில்லை. 1951 டிசம்பர் 1ஆம் நாள் பினாங்கு ஜார்ஜ்டவுனில் நகர மன்றத்துக்குத்தான் நடந்தது. நாடாளுமன்றத்துக்கு முன்னோடியான கூட்டரசு சட்டமன்றத் தேர்தல் 1955இல்தான் வந்தது. நம் மக்கள் ஓட்டுப் போடக் கற்றுக்கொண்டதே தெரு விளக்கு, குப்பை வண்டி, சந்தைக் கூரை ஆகியவற்றை வைத்துத்தான். 1952இல் வந்த ஒரு சட்டத்தால் புதுக்கிராமங்களுக்கும் சிறிய ஊராட்சி மன்றங்கள் கிடைத்தன. ஈப்போவில் டி.ஆர். சீனிவாசகம், எஸ்.பி. சீனிவாசகம் என்ற இரு வழக்கறிஞர் சகோதரர்களின் மக்கள் முற்போக்குக் கட்சி 1950களின் பிற்பகுதியில் நகர மன்றத்தைத் தன் கையில் எடுத்துக்கொண்டது. யாழ்ப்பாணத் தமிழர் வழிவந்த இருவர், சீனர் பெரும்பான்மையாக வாழும் நகரத்தில் மக்கள் ஓட்டில் வென்று நின்றார்கள்! டி.ஆர். 1969 மார்ச்சில் காலமானார். முன்பு கொரொனேஷன் பார்க் எனப்பட்ட பூங்கா இன்று அவர் பெயரில் இருக்கிறது. பிள்ளைகளை ஊஞ்சலாட அழைத்துப் போகும் எத்தனை பெற்றோர் அந்தப் பெயரைப் படித்திருப்பார்கள் என்று தெரியவில்லை.

ஆனால் தோட்ட லயம் தனியார் நிலம். நகர எல்லைக்குள்ளும் வராது, புதுக்கிராம எல்லைக்குள்ளும் வராது. கால்வாயானாலும் குழாயானாலும் துரை வைத்ததுதான் சட்டம், கிராணி எழுதியதுதான் கணக்கு. முள்வேலிக்கு அந்தப் பக்கம் புதுக்கிராமத்து மனிதர் தம் ஊராட்சிக்கு ஆள் தேர்ந்தெடுக்க, வேலிக்கு இந்தப் பக்கம் பாட்டியின் அப்பா பெரட்டுக்கு நின்றுகொண்டிருந்தார்.

அந்த மக்கள் தோட்டத்தை விட்டு ஊராட்சி எல்லைக்குள் குடிவந்தபோதோ, அங்கே தேர்தலே இல்லாமற் போயிருந்தது. இந்தோனேசியாவுடன் ஏற்பட்ட மோதலைக் காரணம் காட்டி 1965 மார்ச் 1ஆம் நாள் ஊராட்சி மன்றத் தேர்தல்களை நிறுத்தி வைத்தார்கள். நிறுத்தி வைப்பதாகத்தான் சொன்னார்கள். அதே ஆண்டில் ஊராட்சி மன்றங்களை ஆராய அரச விசாரணை ஆணையம் ஒன்று அமைந்தது. அதற்குத் தலைமை ஏற்றவர் செனட்டர் அத்தி நாகப்பன் என்னும் தமிழர். நேதாஜியின் ஜான்சி ராணிப் படையில் இருந்த ஜானகி அம்மையாரின் கணவர் என்றால் நம் வாசகர்களுக்குச் சட்டென்று விளங்கும். ஊர் தோறும் விசாரித்து, மன்றங்களை மக்களே தேர்ந்தெடுக்கவேண்டும் என்று அந்த ஆணையம் பரிந்துரை செய்தது. அறிக்கை 1971இல் வெளியாயிற்று. அரசாங்கம் அதை ஏற்கவில்லை. 1976இல் ஊராட்சிச் சட்டம் பிறந்தது, தேர்தலுக்கு முற்றுப்புள்ளி விழுந்தது. அத்தி நாகப்பன் காலமானதும் அந்த ஆண்டில்தான்.

பிறகு மீட்க முயற்சி இல்லாமலில்லை. பினாங்கு மாநிலம் 2012இல் தானே ஒரு சட்டம் இயற்றிப் பார்த்தது. 2014இல் கூட்டரசு நீதிமன்றம் அது செல்லாது என்றது. 2018இல் புதிதாக வந்த அரசின் அமைச்சர் ஒருவர் சில ஆண்டுகளில் நடத்துவோம் என்றார்; இனப் பிணக்கு வரும் என்று சொல்லி அதே ஆண்டு டிசம்பரில் பிரதமர் மகாதீர் மறுத்துவிட்டார். இனப் பிணக்கு என்ற அச்சத்தை நான் கேலி செய்யமாட்டேன். 1969ஐ வாழ்ந்து பார்த்தவர்கள் என் வீட்டிலும் இருந்தார்கள். ஆனாலும் இரண்டு தமிழரைச் சீனர் தேர்ந்தெடுத்த நகரத்தில் நின்றுகொண்டு அதைக் கேட்கும்போது மனம் முழுதாக ஒப்பவில்லை.

நிற்க. கிரீன்டவுனில் உள்ள மாநகர் மன்றத்துக்குப் போய்ச் சேர்ந்தோம். பாட்டி வரி கட்டிச் சீட்டை முந்தானையில் முடிந்துகொண்டார். முகப்பில் இருந்த ஒரு தமிழ்ப் பெண்ணிடம் எங்கள் வரிசை வீட்டுக் கதையைச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டாள். பிறகு ஒரே ஒரு கேள்வி கேட்டாள்: “வீடு கட்டியவர்கள் அந்தச் சாலையையும் கால்வாயையும் மன்றத்திடம் ஒப்படைத்துவிட்டார்களா, டீச்சர்?”

எனக்குத் தெரியவில்லை. ஒப்படைக்கவில்லை என்றால் கால்வாய் இன்னமும் தனியார் சொத்து. அப்படியானால் மன்றம் அதில் கைவைப்பது கடினம். நிலம், மன்றம் இரண்டும் மாநில அரசின் அதிகாரம் என்பதால் மாநில அளவில் பேசித் தீர்க்கவேண்டும். 2018இல் நான் கைகாட்டிய மனிதர் நாடாளுமன்ற வேட்பாளர்! கால்வாயைச் சரி பண்ணித் தருகிறேன் என்று அவர் சொன்னபோது, அது ஐயாவின் வேலையா என்று நான் கேட்டிருந்தால் கதை அன்றே முடிந்திருக்கும். நாலு பேருக்குப் பாடம் சொல்லித் தருகிற எனக்கே இது தெரியவில்லையே என்று வெட்கமாகப் போய்விட்டது.

வாக்குச்சாவடியில் நமக்கு இரண்டு சீட்டு கொடுக்கிறார்கள் அல்லவா? இரண்டும் வேறு வேறு வேலைக்கு ஆள் எடுக்கும் சீட்டு. பள்ளிக்கூடம், மருத்துவமனை, குடியுரிமை, சிவப்பு அடையாள அட்டை, லயத்து வீடுகளின் தரம் பற்றிய 1990ஆம் ஆண்டுச் சட்டம் ஆகியவை நாடாளுமன்றத்தின் பக்கம். வீட்டு நிலம், கோயில் நிலம், சுடுகாடு, ஊராட்சி மன்றம் ஆகியவை சட்டமன்றத்தின் பக்கம். தமிழ்ப்பள்ளிக்குக் கட்டடம் கேட்கவேண்டியவரிடம் கோயில் நிலத்தையும், கோயில் நிலம் கேட்கவேண்டியவரிடம் பள்ளிக் கட்டடத்தையும் கேட்டுவிட்டு, இருவரும் தலையாட்டியதை நம்பிக் கைதட்டியிருக்கிறோம்.

மன்ற உறுப்பினர்களை இன்று மாநில அரசு நியமிக்கிறது. ஒரு மன்றத்துக்கு 8 முதல் 24 பேர் வரை, மூன்று ஆண்டுக்கு மேற்படாத தவணை. அரசு கவிழ்ந்தால் பெரும்பாலும் அவர்களும் மாறுகிறார்கள். ஆகவே சட்டமன்றச் சீட்டில் நாம் போடும் குறிதான் சுற்றிவளைத்து நம் தெருவுக்கு வரவேண்டிய ஓட்டு. சட்டமன்ற வேட்பாளரிடம், “உங்கள் கட்சி ஆட்சிக்கு வந்தால் எங்கள் பகுதிக்கு மன்ற உறுப்பினராக யாரைச் சிபாரிசு செய்வீர்கள்?” என்று கேட்டுப் பாருங்கள். இந்தக் கேள்வியை யாரும் கேட்டு நான் பார்த்ததில்லை. இன்னொன்று: மன்றத்தின் முழுக்கூட்டம், மன்றம் தனியே தீர்மானம் போட்டு மூடினாலொழிய, பொதுமக்களும் பத்திரிகையாளரும் உட்கார்ந்து கேட்கலாம் என்று அந்த 1976ஆம் ஆண்டுச் சட்டமே சொல்கிறது. குழுக் கூட்டங்களுக்கு அது பொருந்தாது.

மத்தியானம் மாநிலச் செயலகம் இருக்கும் பக்கம் வந்தோம். சட்டமன்றம் கூடுவது அங்கேதான். சாலையோர மரநிழலில் பாட்டியை உட்காரவைத்து, வாங்கி வந்த மீகூனைப் பிரித்துக் கொடுத்தபடியே அந்த மரத்தின் கதையைச் சொன்னேன்.

2008 மார்ச் 8ஆம் நாள் தேர்தலில் பேராக் சட்டமன்றத்தின் 59 இடங்களில் 31 ஒரு பக்கம், 28 மறு பக்கம். அடுத்த பிப்ரவரியில் ஆளும் பக்கத்து உறுப்பினர்கள் மூவர் கட்சியை விட்டு விலகி மறு பக்கத்தை ஆதரிப்பதாக அறிவித்தார்கள். ஜெலாப்பாங், பேராங், சங்காட் ஜெரிங் ஆகிய மூன்று தொகுதிகள் அவை. ஆட்சி மாறிற்று. அடுத்த மார்ச் 3ஆம் நாள், செயலகத்துக்குள் நுழைய முடியாத உறுப்பினர்கள் வெளியே ஒரு மழைமரத்தடியில் சட்டமன்றத்தைக் கூட்டினார்கள். அவைத்தலைவராக நடுவில் நின்றவர் துரோனோ உறுப்பினர் வ. சிவகுமார். வழக்கு கூட்டரசு நீதிமன்றம் வரை போயிற்று; 2010 பிப்ரவரியில் புதிய மந்திரி புசார் பதவியேற்றது செல்லும் என்று தீர்ப்பாயிற்று.

“அந்த மூணு பேருக்குச் சனங்க போட்ட ஓட்டு எங்க போச்சு?” என்றார் பாட்டி, மீகூனை மென்றுகொண்டே.

சட்டம் படித்தவர்கள் ஆண்டுக்கணக்கில் வாதாடிய கேள்வி அது. 2020இலும் தேர்தல் இல்லாமலே பேராக்கில் கூட்டணி மாறிற்று. அந்த டிசம்பரில் மந்திரி புசார் மீதான நம்பிக்கை வாக்கெடுப்பில் ஆதரவு 10, எதிர்ப்பு 48. கட்சி தாவுகிற நாடாளுமன்ற உறுப்பினர் இருக்கையை இழப்பார் என்ற அரசியலமைப்புத் திருத்தம் 2022 அக்டோபர் 5இல்தான் நடப்புக்கு வந்தது. கட்சியே ஒருவரை வெளியேற்றினால் இருக்கை போகாது. ஆகவே வேட்பாளர் இதுவரை எத்தனை கட்சியில் இருந்தார், ஏன் மாறினார் என்று விசாரிப்பது இன்னமும் நம் வேலையாகவே இருக்கிறது.

விசாரிக்க நேரம் வேண்டுமே என்பீர்கள். உண்மைதான். 2018இல் வேட்புமனு நாளுக்கும் வாக்களிப்பு நாளுக்கும் இடையே 11 நாள். 2022இல் 14 நாள். அதற்குள் கொடி கட்டவும் சோறாக்கவுமே சரியாகப் போய்விடுகிறது. தமிழ்நாட்டில் இருக்கும் நம் உறவினர்களுக்கு ஒரு வசதி உண்டு. சட்டமன்றத்துக்கு நிற்கும் வேட்பாளர் தம் சொத்து, கடன், படிப்பு, தம்மேல் உள்ள குற்ற வழக்குகள் அனைத்தையும் சத்தியக் கடிதமாக எழுதித் தரவேண்டும் என்று உச்ச நீதிமன்றத் தீர்ப்பால் 2003 முதல் நடந்துவருகிறது. எவரும் அதைப் பார்க்கலாம். சுவிட்சர்லாந்திலும் அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்திலும் ஆளுக்கு மட்டுமல்ல, சட்டத்துக்கே மக்கள் நேரடியாக ஓட்டுப் போடுகிறார்கள். ஒவ்வொரு கேள்விக்கும் விளக்கம் எழுதிய புத்தகத்தை அரசாங்கமே வாக்காளர்களுக்கு அனுப்பி வைக்கிறது. நம் சீட்டில் பெயரும் சின்னமும்தான்.

நமக்கு இருப்பது ஐந்தாண்டு அவகாசம். பதவியில் இருப்பவர் நாடாளுமன்றத்தில் என்ன பேசினார் என்பது அவைக் குறிப்பேட்டில் அச்சாகிறது. நாடாளுமன்ற இணையத்தளத்தில் இலவசமாகப் படிக்கலாம். ஆறாம் ஆண்டுப் பிள்ளைக்கே மலாய் தெரியும்போது அம்மாவுக்கு வாசித்துக் காட்ட என்ன தடை? நம் தோட்டம், நம் பள்ளி என்ற சொல் அவர் வாயில் எத்தனை முறை வந்தது என்று எண்ணிப் பார்க்கலாம். புதியவராயின் அவர் வேலை பார்த்த இடத்தில், அவர் நடத்திய சங்கத்தில், அவர் பொறுப்பில் இருந்த கோயிலில் கணக்கு எப்படி என்று கேட்கலாம். கோயில் உண்டியல் கணக்கை ஒழுங்காகக் காட்டாதவர் மாநில வரவுசெலவைக் காட்டுவாரா? இந்த விசாரணையில் நம் அம்மாமார்களை மிஞ்ச ஆளில்லை. பெண்ணுக்கு மாப்பிள்ளை பார்க்கும்போது எந்தத் தேர்தல் ஆணையமும் கேட்காத கேள்வியெல்லாம் கேட்கிறார்கள்.

அரிசி மூட்டையையும் விருந்தையும் பற்றி ஒரு சொல். ஓட்டுக்காகக் காசோ சாப்பாடோ கொடுப்பது 1954ஆம் ஆண்டுத் தேர்தல் குற்றச் சட்டப்படி குற்றம். வாங்குவதும் குற்றம். இதைச் சொன்னதற்காக ஒரு முறை என்னோடு நாலு வீட்டார் பேச்சை நிறுத்திக்கொண்டார்கள். பிறகு தீபாவளிக்குச் சரியாகிவிட்டது.

மாலைப் பேருந்தில் திரும்பினோம். வழியில் வாங்கிய ஒரு நோட்டுப் புத்தகத்தைத் திறந்து முதல் பக்கத்தில் எழுதினேன்: “கால்வாய். ஒப்படைப்பு ஆயிற்றா? கேட்டது யாரிடம்? நாள்?” பாட்டி எட்டிப் பார்த்து என்ன எழுதுகிறேன் என்று கேட்டார். சொன்னேன். சொல்லும்போதே அடக்கி வைத்திருந்ததும் வந்துவிட்டது.

“பாட்டி, அன்னிக்கு நான் ஒண்ணும் தெரியாம ஒங்களுக்கு ஆளக் காட்டிட்டேன். எம்பேச்சக் கேட்டுப் போட்டீங்க. அது மனசுல கெடந்து குத்துது.”

பாட்டி என்னை ஒரு மாதிரி பார்த்தார். பிறகு வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்.

“நீங்க சொன்னவருக்கா நான் போட்டேன்? கோவிச்சுக்காதீங்க டீச்சர். இன்னொருத்தரு இருந்தாரே, அவரு எங்க வீட்டுக்காரரு செத்தப்ப வந்தாரு. அப்ப எலெக்சனும் இல்ல, ஒண்ணும் இல்ல. காசு குடுக்கல, மால போடல. மழ பேஞ்சு லோங்காங் ரொம்பிக் கெடந்துச்சு. சப்பாத்தக் கழட்டிட்டுத் தண்ணியில எறங்கி, நம்ம பயலுகளோட ஒரு பக்கம் தோள் குடுத்துத் தூக்குனாரு. அவருக்குத்தான் போட்டேன்.”

“பின்ன ஏன் என்கிட்ட வந்து கேட்டீங்க?”

“நீங்க என்ன சொல்லுறீங்கன்னு பாக்கத்தான்.”

செம்மோர் கடந்து எங்கள் முச்சந்தியில் இறங்கினோம். நல்ல மழை பெய்து ஓய்ந்திருந்தது. பாட்டி செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு முன்னே நடந்தார். நோட்டுப் புத்தகம் நனையாமல் இருக்க நான் அதை ரவிக்கைக்குள் செருகிக்கொண்டு, சேலையைக் கணுக்காலுக்கு மேல் தூக்கிப் பிடித்தபடி பின்னே போனேன்.